சிரிப்பையும் இருமலையும் பாட்டாக்கிய குரல்

மேற்கத்திய நவீன இசைக்காகக் குரல் கொடுத்த பாடகிகளில் முதல் வரிசையில் வைக்கப்படுபவர் கேத்தி பெர்பேரியன். பூர்விகத்தால் ஆர்மீனியர், பிறப்பால் அமெரிக்கர், வாழ்ந்து புகழ் பெற்றது இத்தாலியில். 1925 ஜூலை 4 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆட்டில்பரோ நகரில் பிறந்தார். இளமையில் நியூயார்க்கில் ஆர்மீனிய நாட்டுப்புறக் கலைக்குழு ஒன்றில் பாடி ஆடினார். செவ்வியல் குரலிசை கற்க முதலில் பாரிசுக்கும் பிறகு மிலானுக்கும் சென்றார். பெண்குரல்களில் உச்சத்துக்கும் கீழ்க்குரலுக்கும் நடுப்பட்ட மெஸ்ஸோ சொப்ரானோ வகையைச் சேர்ந்தது அவருடைய குரல்.

ஃபுல்பிரைட் உதவித்தொகைக்குத் தம் பாட்டைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டியிருந்தபோது, பியானோ வாசிக்க வந்த இளைஞர்தான் இசையமைப்பாளர் லூச்சானோ பேரியோ. 1950இல் இருவரும் மணந்துகொண்டனர். இரண்டாம் உலகப் போர் முடிந்து, பழைய இலக்கணங்களை விட்டு விலகிப் புதிய ஒலிகளை ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் தேடிக்கொண்டிருந்த காலம் அது. பேரியோவும் புரூனோ மதெர்னாவும் 1955இல் மிலான் வானொலியில் மின்னணு இசைக்கூடம் ஒன்றைத் தொடங்கினர். அங்கிருந்த, மின்னணு முறையில் ஒலி எழுப்பும் ஒன்பது அலையியற்றிகளோடு பெர்பேரியனின் குரலைப் பத்தாவதாக எண்ணினார்கள் என்பது இசை வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் பேச்சு. ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ நாவலிலிருந்து ஒரு பகுதியை அவர் வாசிக்க, பேரியோ அந்த ஒலிநாடாவை வெட்டியும் ஒட்டியும் 1958இல் ‘தேமா’வை உருவாக்கினார். சொற்கள் பொருள் இழந்து வெறும் ஓசையாகக் கரைந்துபோகும் படைப்பு அது.

அதே ஆண்டு அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் மிலானுக்கு வந்தார். நாடாவில் ஒட்டிய துண்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவதைப் போல, ஒரே மூச்சில் பல குரல்களுக்குத் தாவி வீட்டில் விளையாட்டாகப் பாடிக் காட்டுவது பெர்பேரியனின் வழக்கம். அதைக் கேட்ட கேஜ் அவருக்காக ‘ஆரியா’வை எழுதினார். இருபது பக்கங்கள் கொண்ட அதில் வழக்கமான சுரக்குறிகள் இல்லை, வளைகோடுகளே உண்டு. கோட்டின் வண்ணம் மாறினால் பாடும் பாணியும் மாற வேண்டும். எந்த வண்ணத்துக்கு எந்தப் பாணி என்பதைப் பாடுபவரே முடிவுசெய்யலாம். ஜாஸ், நாட்டுப்புறம், மழலை, மூக்கொலி எனப் பத்துப் பாணிகளை வகுத்துக்கொண்டார் பெர்பேரியன். ஆர்மீனியம், ரஷ்யம், இத்தாலியம், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய ஐந்து மொழிச் சொற்கள் அதில் கலந்து வருகின்றன.

பேரியோவுடனான மணவாழ்க்கை 1960களின் நடுவில் முறிந்தாலும் இசைத் தோழமை நீடித்தது. 1964இல் வந்த பேரியோவின் ‘நாட்டுப்புறப் பாடல்கள்’ தொகுப்பில் பல நாடுகளின் பதினொரு பாடல்கள் உள்ளன. அவற்றில் ஓர் அஜர்பைஜான் காதல் பாட்டை, அந்த மொழி தெரியாமலேயே, பழைய இசைத்தட்டைக் கேட்டு ஒலிக்கு ஒலி எழுதியெடுத்தார் பெர்பேரியன். துணைக்கருவி எதுவுமின்றி ஒரே பெண் பாடும், பேரியோவின் ‘செக்குவென்சா 3’ அடுத்துப் பிறந்தது. முணுமுணுப்பு, சிரிப்பு, இருமல், நாவால் சொடுக்கும் ஓசை ஆகிய எல்லாமே அதில் பாட்டின் உறுப்புகள். ஒரு நொடியில் பதற்றம், மறுநொடியில் கனவு என உணர்ச்சியும் குறிப்பாகவே எழுதப்பட்டிருக்கும். ஸ்ட்ராவின்ஸ்கி, ஹென்றி பூஸர் போன்றோரும் அவருக்காக எழுதினார்கள்.

பிறர் எழுதியதைப் பாடுவதோடு பெர்பேரியன் நின்றுவிடவில்லை. 1966இல் ‘ஸ்ட்ரிப்சொடி’யைத் தாமே இயற்றினார். சித்திரக்கதைகளில் அடி, மோதல், குறட்டை ஆகியவற்றுக்கு எழுதப்படும் ஓசைச் சொற்களையே கோத்த பாட்டு அது. அதன் குறிப்பேடும் படங்களாகவே வரையப்பட்டது. அதே ஆண்டு ‘புதிய குரலியல்’ பற்றிக் கட்டுரை ஒன்றும் எழுதினார். இனிமையான சுரம் குரலின் ஒரு பகுதிதான், மனிதத் தொண்டை எழுப்பக்கூடிய ஒவ்வோர் ஓசையும் பாடகரின் கருவி என்பது அதன் சாரம். பழைமையையும் அவர் ஒதுக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் மொந்தேவெர்தியின் ஓபராக்களை நிக்கோலாஸ் ஆர்னன்கூர் நடத்த, அவற்றில் பாடினார். பீட்டில்ஸ் பாடல்களை பரோக் பாணிக்கு மாற்றிப் பாடி 1967இல் இசைத்தட்டாக வெளியிட்டார். கச்சேரிக்குள் நகைச்சுவையையும் நடிப்பையும் கொண்டுவந்து, நவீன இசை என்றாலே மிரளும் ரசிகர்களையும் இருக்கையில் அமரவைத்தார்.

1983 மார்ச் 6 அன்று ரோம் நகரில் பெர்பேரியன் காலமானார். அவருடைய தொண்டையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ‘செக்குவென்சா 3’ஐயும் ‘ஆரியா’வையும் இன்று பல நாட்டுப் பாடகிகள் பாடுகிறார்கள். அவற்றின் முகப்பில் இருப்பவை பேரியோ, கேஜ் என்னும் பெயர்கள். ஆக்கத்தில் பாதிப் பங்கு பெர்பேரியனுக்கு உரியது.