முதல் காய்க்கு முன்னால் ஒரு பேரம்

"தாயத்துக்கு மட்டும்தான் காய் இறங்கணுமா, அஞ்சுக்கும் இறங்கலாமா?"

காவிரிப் படுகையின் பழைய திண்ணைகளில் தாய ஆட்டம் இப்படி ஒரு கேள்வியோடுதான் தொடங்கும். அடுத்தது, வெட்டு கட்டாயமா என்பது. எதிராளியின் ஒரு காயையாவது வெட்டாதவர் உள்கட்டத்துக்குள் நுழையக் கூடாது என்பாள் ஒருத்தி. அது அவள் பிறந்த ஊர் வழக்கம். வாழ்க்கைப்பட்டு வந்த ஊரில் அந்தக் கட்டாயம் இல்லை. இரண்டு காய் ஜோடியாக நின்றால் ஒற்றைக் காயால் வெட்ட முடியுமா? பன்னிரண்டு தொடர்ந்து மூன்று முறை விழுந்தால் அத்தனையும் கணக்கா, அத்தனையும் போச்சா? இவ்வளவும் பேசி முடித்த பிறகே கட்டை உருளும். சில நாள் ஆட்டத்தைவிட இந்தப் பேரமே நீளும்.

அதற்கு நேரம் இருந்தது. 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு டெல்டாவின் நாட்காட்டி ஜூன் 12-இல் திறக்கும் தண்ணீருக்கும் ஜனவரி 28-இல் மூடும் மதகுக்கும் இடையே அமைந்தது. சம்பாவும் தாளடியும் அறுத்து, தரிசில் தெளித்த உளுந்தும் பயறும் எடுத்துவிட்டால், அடுத்த தண்ணீர் வரும்வரை சித்திரை, வைகாசி வெயில்தான். திண்ணையிலும் தோப்பு நிழலிலும் கரிக்கட்டியால் கட்டம் போட்டால் போதும். பித்தளைத் தாயக்கட்டை இல்லாத வீட்டில் சோழி. சோழியும் இல்லையென்றால் ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை. வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்கப் பரமபதமும் தாயமும் துணை.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஏகப்பட்ட முகம். பல்லாங்குழியில் பசுப்பாண்டி, காசிப்பாண்டி, கட்டுப்பாண்டி, தனியாக ஆடச் சீதைப்பாண்டி என்று ஒரே பதினான்கு குழியில் பல ஆட்டம். ஆடு புலி ஆட்டத்தில் 23 சந்திகள், 3 புலி, 15 ஆடு என்பது பரவலான கணக்கு. ஆனால் எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் புலிக்கு வெற்றி என்பதை ஆடுபவர்கள்தான் முடிவு செய்வார்கள். வெட்ட வழி இருந்தும் புலி வெட்டாமல் ஒதுங்கலாமா என்பதும் அப்படியே. கைதேர்ந்தவரும் புதியவரும் எதிரெதிரே உட்கார்ந்தால் இந்த விதிகளை இழுத்தும் தளர்த்தியும்தான் பலத்தைச் சமன் செய்வார்கள். ஆடத் தெரியாத சின்னதை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வதும் ஒரு விதிதான். எங்கும் எழுதி வைக்காத விதி, ஆனால் யாரும் மீறாத விதி.

அந்தத் திண்ணையை வெறும் பொற்காலமாகப் பார்க்க முடியாது. தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்கள் பலவற்றின் தரைக்கல்லில் ஆடு புலிக் கட்டங்களும் தாயக் கட்டங்களும் கீறியிருப்பதைப் பார்த்துப் பூரிக்கிறோம். ஆலய நுழைவுச் சட்டம் 1939-இல்தான் வந்தது. அதற்கு முன் அந்தக் கல்லில் உட்கார்ந்து ஆடியவர்கள் யார், வயலில் நாற்று நட்டுவிட்டு வாசலோடு நின்றவர்கள் யார் என்பதையும் அதே தரை சொல்கிறது. அக்ரகாரத் திண்ணைக்கு ஒரு ஆட்டம், சேரித் தெருவுக்கு ஒரு ஆட்டம். பேரம் பேசும் உரிமை எல்லோருக்கும் உண்டு, ஆனால் அவரவர் தெருவுக்குள்.

ஒரே விதி என்பதன் நன்மை என்ன என்று பார்க்கச் சதுரங்கத்தைவிட நல்ல சான்று கிடைக்காது. நீடாமங்கலத்தை அடுத்த பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது. அப்பர் தேவாரம் பெற்ற தலம். யாராலும் வெல்ல முடியாத அரசகுமாரியாக அம்பாள் வளர, சிவபெருமான் முதியவர் வேடத்தில் வந்து சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது தலபுராணம். 2022 ஜூலை 28 அன்று சென்னையில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாடைத் தொடங்கிவைத்த பிரதமர் இந்தக் கோயிலைக் குறிப்பிட்ட பிறகு பூவனூர் பெயர் டெல்டாவுக்கு வெளியேயும் தெரிந்தது. இறைவன் எந்த விதிப்படி காய் நகர்த்தினார் என்று கேட்டால் புராணத்தில் பதில் இல்லை. நம் வீடுகளில் அரை நூற்றாண்டுக்கு முன்புவரைகூட விளையாடியது இன்றைய செஸ் அல்ல. சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். ராஜாவுக்குக் கோட்டை கட்டுதல் கிடையாது. அதற்குப் பதில் ஒரே ஒருமுறை குதிரைப் பாய்ச்சல் உண்டு. கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய் எல்லா இடத்திலும் ராணியாகிவிடாது. எந்தக் காயின் கட்டத்தில் போய் நிற்கிறதோ அந்தக் காயாகும். இதிலும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபாடு.

நாட்டு விதியிலிருந்து உலக விதிக்கு இந்தியா மாறிய காலத்தின் வீரர் மானுவேல் ஆரோன். 1961-இல் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியர். அவர் சென்னையில் உருவாக்கிய மிகைல் தால் செஸ் மன்றத்தில் ஆடி வளர்ந்த விஸ்வநாதன் ஆனந்த், 1969-இல் மயிலாடுதுறையில் பிறந்தவர். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனார். சிப்பாய் இரண்டு கட்டம் போகுமா என்று ஒவ்வொரு மேசையிலும் பேரம் பேசிக்கொண்டிருந்தால் இந்த வரிசை கிடைத்திருக்காது. முன்பின் தெரியாதவரோடு மோத வேண்டுமானால் விதி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரோடு ஆடுவதற்கும் அதே கண்டிப்பு தேவையா? இன்று அந்தக் கேள்வியைக் கேட்கும் இடமே சுருங்கிவிட்டது. நாள்கணக்கில் நடந்த அறுப்பை இயந்திரம் மணிக்கணக்கில் முடிக்கிறது. புது வீட்டுக்குத் திண்ணை கிடையாது. இரும்பு கேட்டும் கார் நிறுத்தும் இடமும்தான். தாயத்தின் தூரத்து உறவான லூடோ, பச்சீசியிலிருந்து எடுத்து 1896-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஆட்டம். 2016-இல் வந்த லூடோ கிங் செயலி, 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு நுழைந்தது. அதில் சண்டைக்கு வழியில்லை. யார் வெட்டினார், யார் கள்ளாட்டம் ஆடினார் என்பதைக் கைபேசியே பார்த்துக்கொள்ளும். துபாயில் இருக்கும் மகனும் திருவாரூரில் இருக்கும் அம்மாவும் ஒரே பலகையில் ஆட முடிகிறது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் "எங்க ஊர்ல அஞ்சுக்கும் இறங்கலாம்" என்று அந்த அம்மா யாரிடம் வாதாடுவார்?

பழைய ஆட்டங்களைப் பெட்டியில் போட்டு விற்கவும் தொடங்கியிருக்கிறார்கள். 2002 முதல் சென்னையிலிருந்து இயங்கும் க்ரீடா நிறுவனம் பல்லாங்குழியையும் ஆடு புலி ஆட்டத்தையும் நகரத்துப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்த்திருக்கிறது. நல்ல வேலை. ஆனாலும் பெட்டிக்குள் விதித்தாள் ஒன்று வந்துவிட்டால், அதுதான் சரி, பாட்டி சொன்னது தப்பு என்று பிள்ளைகள் எண்ணிவிடும் ஆபத்தும் கூடவே வருகிறது.

வெளிநாட்டுப் பலகை ஆட்டக்காரர்கள் விதித்தாளை இப்படி வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை. உலகத்தையே பிடிக்கும் 'ரிஸ்க்' ஆட்டத்தைப் பாருங்கள். ஆல்பர் லாமோரிஸ் என்ற பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் உருவாக்கியது. 1957-இல் பிரான்சில் வெளிவந்தது. 6 கண்டம், 42 நாடு. தாக்குபவர் அதிகபட்சம் மூன்று பகடையும் காப்பவர் இரண்டும் உருட்டலாம். எண் சமமாக விழுந்தால் காப்பவருக்கே வெற்றி. அச்சடித்த விதிப்படி ஆடினால் ஒரு இரவு போதாது என்பதால் வீட்டுக்கு வீடு விதியை வெட்டி ஒட்டினார்கள். உலகம் முழுவதையும் பிடிக்க வேண்டாம், ஆளுக்கொரு ரகசியப் பணி போதும் என்ற பதிப்பும் வந்தது. 2011-இல் வெளியான ரிஸ்க் லெகசியில் ஆட்டத்துக்கு ஆட்டம் பலகையில் ஒட்டுத்தாள் ஒட்டி, சீட்டைக் கிழித்து, விதியையே மாற்றிக்கொண்டு போக வேண்டும். திண்ணையில் சும்மா கிடைத்ததை அவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

தஞ்சாவூர்ப் பிள்ளைகளிடம் இந்தப் பலகையைக் கொடுத்தால் திருத்த வேண்டியது முதல் பார்வையிலேயே தெரியும். ரிஸ்க் வரைபடத்தில் இந்தியாவிலிருந்து மத்திய கிழக்கு, ஆப்கானிஸ்தான், சீனா, சயாம் ஆகிய நான்கு இடங்களுக்குப் போகலாம். எல்லாம் தரைவழி. இந்தோனேசியாவுக்குப் போக வேண்டுமானால் சயாமைப் பிடித்துவிட்டுத்தான் போக முடியும். இலங்கைக்குத் தனி இடமே இல்லை. அதாவது, 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கியது இந்த ஆட்டத்தில் விதிமீறல்! அந்தப் படையெடுப்பில் பட்ட ஊர்களின் பட்டியல் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டிலேயே இருக்கிறது. ஒரு பேனாவை எடுத்து இந்தியாவிலிருந்து இந்தோனேசியாவுக்கு ஒரு கோடு இழுத்தால் போதும். ஆட்டத்தின் கணக்கே மாறிவிடும். நான்கே நாடுகள் கொண்ட ஆஸ்திரேலியக் கண்டத்துக்கு இதுவரை இருந்த நுழைவாயில் சயாம்–இந்தோனேசியா ஒன்றுதான். அதனால்தான் கெட்டிக்காரர்கள் அங்கே போய் ஒளிந்துகொண்டு சுற்றுக்கு இரண்டு படை கூடுதலாக வாங்குவார்கள். நாகப்பட்டினத்து வாசலையும் திறந்துவிட்டால் அந்த ஒளிவிடம் போயிற்று.

இன்னொன்றையும் சேர்க்கலாம். ரிஸ்க்கில் மழைக்காலம் கிடையாது. அடைமழையில் படை நடத்துவது எளிதல்ல. நான்கு சுற்றுக்கு ஒரு சுற்று ஐப்பசி, கார்த்திகை என்று வைத்து, அதில் யாரும் தாக்கக் கூடாது, படையை நகர்த்தி அரண் செய்யலாம் என்று விதித்தால், வெறி பிடித்து முன்னேறுபவர் நின்று யோசிக்க வேண்டிவரும். இது நல்ல விதியா என்று ஆடிப் பார்த்தால் தெரியும். பிடிக்கவில்லையென்றால் அடுத்த ஆட்டத்தில் எடுத்துவிடலாம். தாயத்தில் நம் பெரியம்மாக்கள் செய்தது இதைத்தான்.

சதுரங்கத்துக்கு உலகம் முழுக்க ஒரே விதி இருக்கட்டும். அதனால் நமக்கு லாபமே. வீட்டு ஆட்டங்களுக்கு அது வேண்டாம். விதியைப் பேசி முடிவு செய்யத் தெரிந்த பிள்ளைக்கு, எதிராளியின் நியாயத்தைக் காதுகொடுத்துக் கேட்பதும், ஒப்புக்கொண்டதைத் தோற்கும்போதும் காப்பாற்றுவதும் அங்கேயே பழகிவிடும். தாயம் ஆடிய தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. கோடை விடுமுறையில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அத்தையிடமும் ஆயாவிடமும் அவர்கள் ஊர் விதியைக் கேட்டு எழுதி வைக்கலாம். எழுதும்போது எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எந்த ஊரில், யார் வீட்டில், எப்படி என்று மட்டும் குறித்துக்கொண்டு, அதே விதியில் அவர்களோடு ஒரு ஆட்டம் ஆடிவிட்டால் போதும்.