மிகைமெய்ம்மைக் கண்ணாடியும் ஆசிரியர் மனப்பாங்கும்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

புதிய கற்பித்தற் சாதனம் ஒன்று வகுப்பறையில் வேரூன்றாவிடின், ஆசிரியரின் பழைமைப் பற்றே அதற்குக் காரணம் எனக் கூறுவது வழக்கமாகிவிட்டது. இக்கூற்று எத்துணை பொருந்தும் என்பதை மிகைமெய்ம்மைக் கண்ணாடியை முன்வைத்து நோக்குவோம்.

மெய்யுலகக் காட்சியை மறைக்காது, அதன்மீது கணினி ஆக்கும் படிமங்களைப் பொருத்திக் காட்டுவது இக்கண்ணாடி. இதன் முன்னோடி வடிவத்தை 1968இல் அமெரிக்கரான ஐவன் சதர்லண்ட் அமைத்தார். புத்தளத்து உப்பளங்களில் விளையும் உப்புப் பளிங்கை மாணவர் கையிலெடுத்துப் பார்க்கலாம். அதனுள் சோடியம், குளோரைட்டு அயன்கள் கனசதுர ஒழுங்கில் அமைந்திருப்பதைக் காண இயலாது. அவ்வமைப்பைப் பளிங்கின் மீதே காட்டவல்லது இக்கண்ணாடி. ஆயின், களப்போரக் கண்டற் காட்டைக் கற்பிக்க இது வேண்டுவதில்லை. மாணவரைக் கரைக்கு அழைத்துச் செல்வதே சாலும். இவ்வேறுபாட்டை அறிபவர் ஆசிரியரே.

தொழினுட்ப ஏற்பை ஆராய்ந்த பிரெட் டேவிஸ், 1989இல் இரு காரணிகளை முதன்மைப்படுத்தினார்: பயனுண்டு என்னும் எண்ணம், கையாளல் எளிது என்னும் எண்ணம். இவை வாழ்நிலையினின்று பிறப்பவை என்பது நம் கருத்து. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் புத்தளத்தில் தஞ்சமடைந்தபோது, அவர்தம் பிள்ளைகளையும் ஏற்றுக் கற்பித்தன இப்பகுதிப் பாடசாலைகள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபின் கைத்தொலைபேசி வழியே பாடம் நடத்த முயன்றோரும் ஆசிரியரே. கருவியில்லா வீட்டுப் பிள்ளை அப்பாடத்துக்கு வெளியே நின்றதையும் அவர்கள் கண்டனர். இத்தகையோரை மாற்றத்துக்கு அஞ்சுவோர் எனல் பொருந்தாது.

அவர்தம் ஐயங்களுக்கு நியாயமுண்டு. கூகிள் நிறுவனம் 2013இல் வெளியிட்ட கண்ணாடியின் விற்பனை 2023இல் முற்றாக நிறுத்தப்பட்டது. மைக்ரோசொப்ட்டின் 'ஹோலோலென்ஸ் 2' உற்பத்தியும் 2024இல் நின்றது. உற்பத்தியாளர் கைவிட்ட கருவிக்கென ஆக்கிய பாடம் பயனற்றுப் போகும். நாற்பது மாணவருக்குக் கண்ணாடி ஒன்றெனின் முப்பத்தொன்பது பேர் காத்திருப்பர். தமிழில் விளக்கம் இல்லையெனின் மொழிபெயர்ப்புச் சுமையும் ஆசிரியருக்கே. பழுது நேரின் பொறுப்பும் அவருக்கே.

ஆகவே, மனப்பாங்கை மாற்ற விழைவோர் முதற்கண் நிலைமைகளை மாற்றுதல் வேண்டும். தமிழ்மொழிப் பாடங்கள், பணிநேரத்துள் பயிற்சி, பழுதுக்கு ஆசிரியர் பொறுப்பல்லர் என்னும் உறுதி, கொள்வனவுக்கு முன் ஆசிரியரோடு கலந்தாலோசனை என்பன அவற்றுட் சில. ஆசிரியரின் தயக்கம் அனுபவம் வழங்கும் தீர்ப்பு. கருவி வாங்குவோர் அதனை முதலிற் கேட்டல் தகும்.