அகத்தியர் மலைக்குச் செல்வோர்க்கு

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளின் எல்லையோரத் தமிழ்க் குடிகளுக்கு வடகிழக்கே அரணாய் நிற்பது அகத்தியர் மலை. நெய்யாற்றின்கரைக்குப் பெயர் தந்த நெய்யாறு பிறப்பது அங்கேதான். 1956ஆம் ஆண்டில் அவ்வட்டம் கேரளத்தோடு நின்றது. அடுத்துள்ள விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. மலையின் கீழ்ச்சரிவோ திருநெல்வேலிச் சீமையை நோக்கியது.

சிகரத்தின் உயரம் 1,868 மீட்டர். வனத்துறையின் அனுமதி பெற்றுப் போனக்காட்டிலிருந்து நடக்கவேண்டும். அதிருமலை முகாமில் இரவு தங்கி மறுநாள் ஏறுவர். அட்டைக்கடியைப் பொருட்படுத்துவோர் வீட்டிலிருப்பதே நலம்!

இக்காட்டின் பழங்குடியினர் காணிக்காரர். 1987இல் மலையேறிய அறிவியலார் களைத்து அமர்ந்தபோது, வழிகாட்டிய காணியர் மட்டும் ஒரு செடியின் காய்களைத் தின்று சோர்வின்றி நடந்தனர். அச்செடியைக் காட்ட அவர்கள் முதலில் இசையவில்லை. வெளியாருக்கு உரைக்கலாகாத மரபறிவு அது. பின்னர் வெளிப்பட்ட அந்த ஆரோக்கியப்பச்சையிலிருந்து பாலோடு தாவரவியல் நிலையத்தார் 'ஜீவனி' என்னும் மருந்தை ஆக்கினர். உரிமத் தொகையில் பாதி காணியருக்கு என்று முடிவாயிற்று; அதன்பொருட்டு 1997இல் ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. மரபறிவுக்கு விலை கொடுத்த முன்மாதிரியென்று உலகம் இதனைப் புகழ்ந்தது. எனினும், செடியைக் காட்டியது சரியா என்பதில் காணியரிடையே அன்று ஒருமனம் இருக்கவில்லை.

பெண்கள் சிகரம் ஏறுவதையும் காணியர் தம் வழிபாட்டு மரபு கருதி மறுத்து வந்தனர். நீதிமன்றம் அத்தடையை 2018இல் விலக்கியது. 2019 சனவரியில் பெண்களும் ஏறினர். காணியர் அடிவாரத்தில் அமைதியாக அமர்ந்து தம் வருத்தத்தைத் தெரிவித்தனர்.