வெயிலும் மாரியும் தின்னும் தும்புப் பலகை

ஒரு பக்கம் மட்டக்களப்பு வாவி, மறுபக்கம் வங்கக் கடல். நடுவே மணல் நிலமாகக் கிடக்கிறது நாவற்குடா. வைகாசி தொட்டு ஆவணி வரை கச்சான் காற்றும் வெயிலும் காய்ச்சும். ஐப்பசிக்குப் பிறகு வாடையோடு மாரி கொட்டும். தென்னந்தும்பைப் பிசினில் தோய்த்து இறுக்கிய பலகைக்கு இதைவிடக் கடுமையான சோதனைக்களம் கிடைப்பது அரிது. கண்ணாடி நார் சேர்த்த தோணிகள் இங்கே ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன. தாவர நார் சேர்த்த பலகை ஏன் முந்தித் தளர்கிறது? ‘இயற்கைப் பொருள், உக்கத்தானே செய்யும்’ என்ற விடை போதாது. பொச்சுமட்டையை மாதக்கணக்கில் நீரில் ஊறப்போட்டு அடித்தே தும்பை எடுக்கிறார்கள். மற்றவை அழுகிக் கழிய, லிக்னின் நிறைந்த தும்பு மிஞ்சுகிறது. உக்கலைத் தாங்கும் பலம் அதற்குப் பிறப்பிலேயே உண்டு.

அந்த லிக்னின்தான் வெயிலின் புறஊதாக் கதிரை உறிஞ்சி முறிகிறது. மேற்பரப்பு முதலில் நிறம் மாறிப் பிறகு வெளிறும். கதிர் ஒரு மில்லிமீற்றர்கூட உள்ளே போகாது. வெயில் மட்டும் என்றால் சேதம் தோலோடு நின்றுவிடும். ஆனால் முறிந்த துண்டுகளை மழை கழுவிப்போக, அடியிலுள்ள புதிய நார் அடுத்த வெயிலுக்கு இரையாகிறது. செல்லுலோசு ஈரத்தைப் பிடித்துவைக்கும் இயல்புடையது. நனைந்த நார் குறுக்கே பருக்கிறது, பிசினோ அந்த அளவுக்குப் பருப்பதில்லை. நார் அதை நெம்பித் தள்ளுகிறது. காயும்போது நார் சுருங்க, இரண்டுக்கும் இடையில் மயிரிழை வெடிப்பு விழுகிறது. அடுத்த மாரி அந்த வழியே இன்னும் ஆழமாக இறங்கும். ஆகவே என் கணிப்பில் முதல் எதிரி, நனைவதும் காய்வதும் மாறிமாறி வரும் இந்தச் சுழற்சி.

தும்புக்கயிறு உப்புநீரில் நனைந்து காய்ந்தும் நெடுநாள் உழைக்கிறதே என்று கேட்பது நியாயம். கயிற்றில் நார் தன்பாட்டில் பருத்துச் சுருங்க இடமிருக்கிறது. பலகையின் பலமோ நாரும் பிசினும் ஒன்றையொன்று பற்றியிருப்பதில் உள்ளது; பிடி விட்டால் சுமை நாரைச் சென்றடையாது. அப்படியானால் தாவர நார் வெளிவேலைக்கே ஆகாதா? ஜெர்மனியின் சுவிக்காவ் நகரில் 1957 முதல் 1991 வரை செய்யப்பட்ட டிராபன்ட் கார்களின் மேற்தகடுகள், பருத்திக் கழிவு நாரையும் பீனோல் பிசினையும் சேர்த்து அழுத்தியவை. அப்படி 30 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் வெளிவந்து, பனியிலும் மழையிலும் ஓடின. பெயின்ட் அந்தத் தகடுகளை மூடிக் காத்தது. நமது பலகையில் கவனம் தவறும் இடம் திருகாணிக்குத் துளைத்த விளிம்பு. வெட்டுப்பட்ட தும்பை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உள்ளே நுண்குழல்கள் திறந்து கிடக்கும். நீர் அவற்றின் வழியே உறிஞ்சப்படுகிறது. முகப்புக்கு எத்தனை பூச்சு பூசினாலும், துளைத்த உடனேயே அந்த விளிம்புக்குப் பிசின் தடவாவிட்டால் முதல் மாரியிலேயே ஈரம் உள்ளே போய்விடும்.