கம்பெனி சர்வீசா, ஒர்க்ஷாப்பா, வீட்டு வாசலா? காரை எங்கே விட்டாலும் பில்லை விடாதீங்க!

மதுரை:

புது கார் வாங்கி 2 வருடம் ஆகிறது. ஒரு நாள் திடீரென்று ஏ.சி.யில் குளிர் காற்று வரவில்லை. கம்ப்ரசர் போச்சு என்கிறார்கள். வாரண்டி இருக்கே என்று தைரியமாக ஷோரூமுக்குப் போனால், கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கடைசி சர்வீஸ் எங்கே விட்டீங்க?" என்று கேட்கிறார்கள்.

ஊரில் தெரிஞ்ச ஒர்க்ஷாப்பில் விட்டதாகச் சொன்னால் அடுத்த கேள்வி, "பில் இருக்கா?"

இங்கேதான் பலரும் முழிக்கிறார்கள். மெக்கானிக் துண்டுச்சீட்டில் கூட்டல் போட்டுக் கொடுத்த கணக்கு எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும்.

காரை கம்பெனி சர்வீசில் விடுவதா, வெளி ஒர்க்ஷாப்பில் விடுவதா, சின்னச் சின்ன வேலையை வீட்டிலேயே பார்ப்பதா என்பது மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி பேசுகிற விஷயம். உசிலம்பட்டியில் இருந்து மதுரை வர சுமார் 40 கி.மீ. காரை விட்டுவிட்டு பஸ்சில் திரும்பி, சாயங்காலம் மறுபடி வந்து எடுப்பதற்குள் ஒரு நாள் பிழைப்பு போய்விடும். திருமங்கலத்துக்காரர்களுக்கு கப்பலூர் டோல்கேட் தொல்லை வேறு. இதனாலேயே பலர் பக்கத்து ஒர்க்ஷாப்பை நாடுகிறார்கள். அதில் தப்பில்லை. எப்போது போவது, எப்படிப் போவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

வாரண்டி இருக்கும் வரை

மாருதி கார்களுக்கு முன்பு 2 வருடம் அல்லது 40 ஆயிரம் கி.மீ. வாரண்டி இருந்தது. 2024 ஜூலையில் அதை 3 வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ. என்று உயர்த்தினார்கள். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. இந்தக் காலம் முடியும் வரை கம்பெனி சர்வீசே நல்லது. அவர்கள் கைவேலை உசத்தி என்பதற்காக அல்ல. எந்த தேதியில், எத்தனை கி.மீ.யில், என்ன மாற்றினார்கள் என்பது கம்ப்யூட்டரில் ஏறிவிடும். பிறகு எந்த ஊரில் வண்டி நின்றாலும் அந்தக் கணக்கு பேசும்.

ஆனால் 'ப்ரீ சர்வீஸ்' என்றதும் பர்சை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டாம். மாருதியில் 1,000, 5,000, 10,000 கி.மீ. என 3 ப்ரீ சர்வீஸ் உண்டு. இலவசம் என்பது கூலிக்கு மட்டும்தான். ஆயில், பில்டர் மாற்றினால் காசு கட்ட வேண்டும்.

பில் எகிறுவது பெரும்பாலும் ஜாப் கார்டில் கையெழுத்து போடும் நேரத்தில்தான். டெப்லான் கோட்டிங், இன்ஜின் டீகார்பனைசிங், ஏ.சி. கிருமிநீக்கம், அண்டர்பாடி கோட்டிங் என்று வரிசையாகச் சொல்வார்கள். கார் கூடவே வருகிற புத்தகத்தில் அந்த கி.மீ.க்கு என்ன மாற்ற வேண்டும் என்று அட்டவணை இருக்கிறது. அதில் இல்லாததை 'வேண்டாம்' என்று சொல்லி, ஜாப் கார்டில் அடித்துவிட்டுக் கையெழுத்து போடலாம். மாற்றிய பழைய ஸ்பேரைத் திருப்பிக் கேட்பதும் உரிமைதான். கேட்டால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

வெளியே விட்டால் வாரண்டி போய்விடுமா?

போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-ந்தேதி சொன்னது வேறு.

ஸ்பேர் பார்ட்சை வெளிச்சந்தையில் விற்காமல் கைக்குள் வைத்திருக்கிறார்கள் என்ற புகாரில் மாருதி, டாடா, மகிந்திரா, டொயோட்டா, ஹோண்டா உள்பட 14 கார் கம்பெனிகளுக்கு ஆணையம் ரூ.2,544 கோடிக்கு மேல் அபராதம் போட்டது. ஸ்பேரையும், ரிப்பேர் செய்யத் தேவையான தகவல்களையும் வெளி ஒர்க்ஷாப்களுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றது. வெளியே ரிப்பேர் பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக்கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் எந்தப் பகுதி கெட்டதோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம் என்றும் உத்தரவிட்டது.

அதாவது, வெளியே ஆயில் மாற்றியதற்கும் ஏ.சி. கம்ப்ரசருக்கும் சம்பந்தம் இல்லை. அபராதத்தை எதிர்த்து கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போய், விவகாரம் வருடக்கணக்கில் இழுத்தது. எனவே ஷோரூம் கவுண்டரில் இந்த உத்தரவைச் சொன்னதும் வேலை நடந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வாதாடத்தான் வேண்டியிருக்கும். புத்தகத்தில் சொன்ன நேரத்தில், சொன்ன தரத்தில் சர்வீஸ் நடந்தது என்று காட்ட அப்போது பில் வேண்டும்.

ஒர்க்ஷாப்பின் பலம்

மதுரைக்கு மோட்டார் தொழில் புதிதல்ல. 1911-ல் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம் வளர்ந்த ஊர் இது. மேலவெளி வீதியில் அவர்கள் கட்டிடம் இன்றைக்கும் ஊருக்கு அடையாளம்.

வாரண்டி முடிந்த வண்டிக்கு நல்ல ஒர்க்ஷாப் கிடைத்தால் அதை விடக்கூடாது. மாருதி 2020-ல் டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஆனால் பழைய டீசல் ஸ்விப்ட், டிசையர் இன்னும் ரோட்டில் ஓடுகின்றன. அந்த இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். கம்பெனியில் முழு அசெம்ப்ளியையும் மாற்றச் சொல்கிற இடத்தில், இவர்கள் ஒரு புஷ்ஷோ, சீலோ போட்டு முடித்துவிடுவார்கள்.

செவர்லே கார்கள் விற்பனை 2017-ல் நின்றது. போர்டு 2021-ல் இந்தியாவில் கார் உற்பத்தியை முடிப்பதாக அறிவித்தது. இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு, ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்று தெரிந்த மெக்கானிக் சொந்தக்காரன் மாதிரி.

பலவீனமும் உண்டு. முக்கியமானது ஆயில். இப்போது வரும் பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்று தண்ணீர் மாதிரி மெல்லிய ஆயில்தான் போட வேண்டும். "நம்ம ஊரு வெயிலுக்கு கெட்டியா இருக்கட்டும்ணே" என்று 20டபிள்யூ-40 ஊற்றினால், மைலேஜ் குறையும், காலப்போக்கில் இன்ஜினுக்கும் கேடு. ஆயில் டப்பாவை நம் கண் முன்னால் உடைக்கச் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 விதிக்குப் பிறகு எல்லாமே சென்சார் மயம். அந்த வண்டிக்கு ஏற்ற ஸ்கேனர் இல்லாத இடத்தில் 'செக் இன்ஜின்' விளக்கை அணைப்பதற்காக ஒயரைப் பிடுங்குகிற வைத்தியமும் நடக்கும். உஷார்.

மைடிவிஎஸ் போல எல்லா கம்பெனி காரும் பார்க்கிற செயின் ஒர்க்ஷாப்களும் வந்துவிட்டன. அங்கே ரேட் இரண்டுக்கும் நடுவில், பில்லும் கிடைக்கும்.

பில் கேட்டால் "ஜிஎஸ்டி நம்பரே இல்லைண்ணே" என்பார் சின்ன ஒர்க்ஷாப்காரர். உண்மையாகவே இருக்கலாம். வருட வரவு ரூ.20 லட்சத்துக்குள் இருந்தால் சேவைத் தொழிலுக்கு பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பதிவு உள்ள இடத்தில் ரூ.1,000 கூலி 18 சதவீத வரியோடு ரூ.1,180 ஆகிறது, இவரிடம் அது மிச்சம். ஆனால் வரி இல்லை என்றால் பில்லும் இல்லை என்று அர்த்தமில்லை. தேதி, வண்டி நம்பர், கி.மீ., ஆயில் பெயர், மாற்றிய ஸ்பேர், வாங்கிய தொகை, கையெழுத்து இருந்தால் போதும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த வேலைக்கு பில் தராததே முறையற்ற வணிகம்தான்.

வீட்டு வாசலில்

ஏர் பில்டர், ஏ.சி. கேபின் பில்டர், வைப்பர், டயர் காற்று, பேட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பொடியைத் துடைப்பது இதெல்லாம் வீட்டிலேயே செய்யலாம். செம்மண் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு ஏர் பில்டரை அட்டவணைக்கு முன்னாலேயே கழற்றிப் பார்ப்பது நல்லது. ஸ்பேர் வாங்கிய பில்லைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

ஆயிலை நாமே மாற்றலாம் என்று இறங்குகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. டிக்கியில் கிடக்கிற ஜாக்கி டயர் மாற்றத்தான். அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுத்தால், ஜாக்கி சரியும்போது உயிரே போகும். இறக்கிய கழிவு ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு. வாய்க்காலில் கொட்டினால் அது வைகைக்குத்தான் போகும். டப்பாவில் பிடித்து ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடலாம். பிரேக், ஏர்பேக், ஹைபிரிட் கார்களில் ஆரஞ்சு கலர் ஒயர் பக்கம் கையே வைக்க வேண்டாம்.

2024 அக்டோபர் 25-ந்தேதி பெய்த மழையில் செல்லூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த மாதிரி நேரத்தில் முங்கிய காரை 'ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்' என்று சாவி போடுவதுதான் பெரிய தப்பு. இன்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 'இன்ஜின் புரொடெக்ட்' என்று தனியாகப் பணம் கட்டாத இன்சூரன்சில் இந்தச் செலவு பொதுவாகக் கிடைக்காது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு கட்டி இழுத்துப் போக வேண்டியதுதான்.

தகராறு வந்தால்

ஷோரூமோ ஒர்க்ஷாப்போ, காசு வாங்கிக்கொண்டு வேலையைக் கெடுத்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த பணம் ரூ.5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நேரில் போயும் வாதாடலாம். பிரச்சினை ஏற்பட்டு 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். மனுவோடு ஜாப் கார்டு, பில் நகல், போட்டோ இருந்தால் இணைக்க வேண்டும். பில் மை மங்கிவிடும் என்பதால் வாங்கிய அன்றே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.