இஞ்சியின் வேர்: ரொறன்ரோ பானமொன்றின் பெயரில் மறைந்திருக்கும் பழஞ்சொல்

1904ஆம் ஆண்டில், ரொறன்ரோ நகரைச் சேர்ந்த ஜோன் மெக்லாக்லின் என்ற மருந்தாளர் இஞ்சிச் சுவையுள்ள பானமொன்றை உருவாக்கினார். 'கனடா டிரை ஜிஞ்சர் ஏல்' என்ற பெயரில் அது பின்னர் உலகின் பல நாடுகளுக்கும் பரவியது. அப்பெயரிலுள்ள 'ஜிஞ்சர்' தமிழின் 'இஞ்சி'யிலிருந்து பிறந்த சொல் என்று தமிழர்கள் பெருமையுடன் கூறுவதுண்டு.

இக்கூற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் அது முழுமையான உண்மையன்று.

ஆங்கிலச் சொல்லின் வழியைப் பின்னோக்கித் தேடினால், பழைய பிரெஞ்சு, இலத்தீன் ஆகியவற்றைக் கடந்து கிரேக்க மொழியின் 'ஸிங்கிபெரிஸ்' என்ற சொல்லை அடையலாம். கிரேக்கர் அதனை இந்தியாவிலிருந்து பெற்றனர். பாலி மொழியில் அது 'சிங்கிவேர' என வழங்கியது. அதன் பிற்பகுதி, தமிழர் இன்றும் வழங்கும் 'வேர்' என்ற சொல்லே.

ஆனால், 'இஞ்சி'யில் இல்லாத சகரம் பாலியில் எவ்வாறு வந்தது?

தமிழ் தோன்றுவதற்கு முற்பட்ட திராவிட மூலமொழியில், சில சொற்களின் முதலில் சகரம் இருந்ததாகவும், தென்திராவிட மொழிகளில் அது காலப்போக்கில் மறைந்ததாகவும் மொழியியலாளர்கள் கருதுகின்றனர். 'ஆறு' என்ற எண் மத்திய இந்தியாவின் கோண்டி மொழியில் 'சாரூங்' என வழங்குவது இதற்கு ஒரு சான்று. இத்தகைய ஒப்பீடுகளின் அடிப்படையில் 'சிங்கிவேர்' என்ற வடிவம் மீட்டுருவாக்கப்பட்டுள்ளது. எழுத்துச் சான்று இல்லாத ஊக வடிவம் என்பதைக் காட்ட, அதன் முன் உடுக்குறி இடுவது ஆய்வாளர் மரபு.

இத்துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரும் கனடாவில் பிறந்தவரே. நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் லூனன்பர்க் நகரில் 1904இல் பிறந்த மரே எமனோ, தோமஸ் பரோவுடன் இணைந்து திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைத் தொகுத்தார். 1961இல் வெளியான அவ்வகராதியின் திருத்திய பதிப்பு 1984இல் வந்தது.

ஆகவே, 'இஞ்சி'யை 'ஜிஞ்சரின்' தாய் என்பதைவிட, உறவுமுறையில் மூத்த சகோதரி என்பதே பொருத்தம். அக்குடும்பத்தில் மலையாளத்தின் 'இஞ்சி'யும் உண்டு. சிங்களத்தின் 'இங்குரு'வும், பாலி வடிவத்தை ஒத்த பிராகிருதச் சொல்லின் வழியாக, அதே மூலத்திலிருந்து வந்ததே.

இஞ்சிச் செடியின் தாயகம் தென்கிழக்காசியா என்று கருதப்படுவதால், 'சிங்கி' என்ற முற்பகுதியும் கிழக்கிலிருந்து வந்த கடன்சொல்லாக இருக்கலாம் என்ற கருத்தும் நிலவுகிறது. 'வேர்' திராவிடச் சொல் என்பதில் அத்தகைய ஐயம் இல்லை.

சொற்களின் மீது தனியுரிமை கோருவது புலம்பெயர்ந்த சமூகங்களுக்கு இயல்பான ஆசை. ஆனால் தமிழ் இழந்த ஓர் ஒலியைக் காத்துத் தந்தது பாலி மொழியே. ரொறன்ரோவின் கடைகளில் தமிழரும் சிங்களவரும் வெவ்வேறு பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் அந்தக் கிழங்குக்கு, சொல்லளவில் வேர் ஒன்றுதான்.