மோப்பம் பிடித்தே நோயை விரட்டும் புழு

நீளம் ஒரு மில்லிமீட்டர். கண் கிடையாது, காது கிடையாது. உடம்பில் ஒளி ஊடுருவும் என்பதால் மைக்ராஸ்கோப்பில் வைத்தால் உள்ளே குடல் வரை தெரியும். பெயர்தான் பெரிசு: சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ். நாம் 'எலிகன்ஸ்' என்றே கூப்பிடுவோம். அழுகிய பழத்திலும் மக்கிய இலைதழையிலும் வாழும் இந்த உருளைப்புழுவுக்கு பாக்டீரியாதான் சாப்பாடு.

அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவைத் தின்றால், அது குடலிலேயே குடியேறிப் பெருகி, சில நாட்களில் எலிகன்ஸைக் கொன்றுவிடும். இந்தக் கிருமி மனிதர்களையும் விட்டுவைப்பதில்லை. தீக்காயம் பட்டவர்களையும், உடல் தளர்ந்து மருத்துவமனையில் படுத்திருப்பவர்களையும் பிடித்துக்கொள்ளும்.

கிருமிகளை எதிர்க்க நம் உடம்பில் இரண்டு வகைப் பாதுகாப்பு உண்டு. சின்னம்மை ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் மறுபடி வருவதில்லை. உடம்பு அந்தக் கிருமியை நினைவில் வைத்திருப்பதுதான் காரணம். இது பட்டுத் தெரிந்துகொண்ட பாதுகாப்பு. இன்னொரு பாதுகாப்பு பிறக்கும்போதே கூட வருவது. முள் குத்திய இடம் சிவந்து வீங்குகிறதே, அது இந்த இரண்டாம் வகையின் வேலை. பாடப்புத்தகத்தில் இதற்கு 'இயல்பு நோய்த்தடைகாப்பு' என்று பெயர். 1882இல் மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி, ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குஞ்சுக்குள் முள்ளைச் செருகிப் பார்த்தார். செல்கள் ஓடிவந்து முள்ளைச் சூழ்ந்துகொண்டன. இந்த வகை ஆராய்ச்சிக்காக 1908இல் நோபல் பரிசு பெற்றார்.

எலிகன்ஸிடம் இருப்பது பிறவிப் பாதுகாப்பு மட்டும்தான். நம்மைப் போல ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிக்க அதற்குத் தெரியாது. அதனால், பிறவிப் பாதுகாப்பைத் தனியாகப் பிரித்துப் படிக்க இது வசதியான பிராணி. உயிரியலாளர் வர்ஷா சிங் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்தது இந்தப் புழுவைத்தான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அலெஹாந்த்ரோ அபயே என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து 2006இல் அவர் ஒன்றைக் கண்டறிந்தார்: வெப்பம் கூடும்போது எலிகன்ஸின் எதிர்ப்புச் சக்தியும் கூடுகிறது. நமக்குக் காய்ச்சல் அடிப்பதும் பிறவிப் பாதுகாப்பின் ஒரு பகுதிதான்.

பிறகு பெங்களூரில், ஊர்க்காரர்கள் 'டாடா இன்ஸ்டிட்யூட்' என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில், வர்ஷா சிங்கின் குழு வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டது. கிருமி வாய்க்குள் போகும் முன்பே புழுவுக்கு அது தெரியுமா?

முதலில் சூடோமோனாஸ் வெளிவிடும் வாசனைகளை ஒரு கருவியில் பிரித்தார்கள். முக்கியமாக ஆறு வாசனைப் பொருள்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று '1-அன்டெசீன்'. அந்த வாசனை வந்த பக்கமே புழுக்கள் போகவில்லை, விலகி ஓடின. எலிகன்ஸின் உடம்பில் மொத்தமே 302 நரம்பு செல்கள். அவற்றில், தலையில் இருக்கும் 'ஏடபிள்யூபி' என்ற ஒரே ஒரு ஜோடிதான் இந்த வாசனையை உணர்ந்து ஓடச் சொல்கிறது.

அடுத்து வந்ததுதான் ஆச்சரியம். கிருமியே இல்லாமல் வாசனையை மட்டும் கொஞ்ச நேரம் காட்டினார்கள். அதற்கே, சூடோமோனாஸை எதிர்க்கும் ஜீன்கள் புழுவுக்குள் வேலையைத் தொடங்கிவிட்டன! பிறகு நிஜக் கிருமியிடம் விட்டபோது, வாசனை பிடித்திருந்த புழுக்கள் மற்றவற்றைவிட அதிக நாள் தாக்குப்பிடித்தன. ஆக, அந்த ஒரு வாசனை புழுவை ஓடவும் வைக்கிறது, சண்டைக்கும் தயாராக்குகிறது. இந்த ஆய்வு 2021இல் வெளியானது.

நல்ல சாப்பாட்டைத் தேடவும் இதே மோப்பம்தான் உதவுகிறது. லியூசின் என்ற சத்தை எலிகன்ஸால் தானே தயாரித்துக்கொள்ள முடியாது. லியூசின் நிறைந்த பாக்டீரியாவை அதன் வாசனையை வைத்தே அது கண்டுபிடிக்கிறது என்பதையும் வர்ஷா சிங்கின் குழு காட்டியிருக்கிறது.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. சோதனையில், வாசனையே காட்டாத புழுக்களையும் ஒரு பக்கம் வைத்திருந்தார்கள் அல்லவா? அவை இல்லாமல் போயிருந்தால், 'வாசனையால்தான் அதிக நாள் பிழைத்தன' என்று சொல்லியிருக்க முடியுமா? யோசித்துப் பாருங்கள்.